எட்டிப்பொட்டல் ஈரத்தடம்

நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க எட்டிப்பொட்டலுக்கு ஒரு நடை வந்து எங்க சிமெண்டு ரோட்டைப் பாத்துட்டுப் போங்க. வர்றப்ப குடிக்கத் தண்ணி மட்டும் கையோட கொண்டு வந்துருங்க, ஏன்னா எங்க ஊரு போர்த் தண்ணி உப்பு, குழாய்த் தண்ணி வாரத்துல ஒரு நாள் வந்தா வந்துச்சு, வராட்டா அதுவும் இல்லை. அப்பேர்ப்பட்ட ஊர்லதான் போன சித்திரையில சனங்களுக்குக் கால் நனைய ஆரம்பிச்சது. மழை இல்லை, கண்மாய் வெடிச்சுக் கிடக்கு, செருப்பில்லாம ரோட்டுல நாலு எட்டு வைக்க முடியாது, அந்த வெயில்ல பஞ்சவர்ணம் வீட்டு வாசல்ல இருந்து பால் சொசைட்டிக் கதவு வரைக்கும் ஈரக்கால் தடம், அஞ்சு விரலும் குதிங்காலும் தெளிவா, இப்பத்தான் தலைக்கு ஊத்திட்டு வந்தவ மாதிரி.

பால் சொசைட்டின்னா அங்க இப்ப யாரும் பால் ஊத்துறதில்லை. சும்மா கிடந்த கட்டடத்துக்கு வெள்ளையடிச்சு, ரெண்டு நாற்காலியும் ஒரு காத்தாடியும் போட்டு, கதவுக்கு மேல ‘மனநல ஆலோசனை, இலவசம், முன்பதிவு வேண்டாம், யாரும் உள்ளே வரலாம்’னு எழுதி வச்சுட்டாங்க. செவ்வாயும் வெள்ளியும் ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு டவுன் பஸ்சுல வந்து எறங்கி, கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு சாயங்கால பஸ்சு வரைக்கும் உக்காந்திருக்கும். அதுக்கு ஒட்டுன சுவரு என்னுது. நான் ஆவுடைத்தாய், மாவு மிஷின் வச்சிருக்கேன், ஊரே என்னை மிஷினக்கான்னு கூப்பிடும்.

எங்க ஊர்ச் சனம் அந்தக் கதவுக்குள்ள நேராப் போயிருமா? போகாது. பைத்தியம்னு பேரு கட்டிருவாங்கன்னு பயம். அதனால அவங்களா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கம்பையோ கேப்பையையோ ஒரு பையில போட்டுக்கிட்டு வந்து, “அரைச்சு வைங்கக்கா, பின்னாடி வாங்கிக்கிறேன்”னு என்கிட்ட வச்சுட்டு, பக்கத்துச் சந்து வழியா சொசைட்டிக்குள்ள நுழைஞ்சிருவாங்க. மிஷின் ஓடுற சத்தத்துல உள்ள பேசுறது வெளிய கேக்காது, அழுதாலும் கேக்காது. சில பேரு அரைச்ச மாவையே திரும்பவும் அரைக்கக் கொண்டாந்தாங்க. மாவுல அரைக்கிறதுக்கு இன்னும் என்னத்த இருக்கு, ஆனா நான் கேக்கலை, எனக்கு எதுக்கு, மிஷினை மட்டும் ஓட்டிக்கிட்டே இருப்பேன்.

பஞ்சவர்ணத்துக்கு மக செத்து வருசம் திரும்பியிருந்தது, அதைப் பத்தி அவ யார்கிட்டயும் வாயத் தொறந்ததில்லை. அன்னைக்கு உள்ள போனவ வெளிய வர்றப்ப கால் காஞ்சிருந்தது, திரும்பிப் பாத்தா வீட்ல இருந்து வந்த தடமும் பூராம் காஞ்சு போயிருந்தது. மறுநாளு வேற ஒரு வீட்ல இருந்து தடம், அதுக்கு மறுநாளு இன்னொரு வீடு. பஞ்சாயத்துல குழாய் ஒடைஞ்சிருக்கும்னு ஆளக் கூட்டியாந்து ரோட்டைத் தோண்டிப் பாத்தாங்க, குழாய்ல தண்ணியே இல்லை. ஒருத்தி விரலால தொட்டு நாக்குல வச்சுப் பாத்துட்டு, “ஏத்தா, நல்ல தண்ணியால்ல இருக்கு, உப்பே இல்லை”ன்னா, உடனே ஒரு கிறுக்கி அதை வழிச்சு எடுக்கத் துணியோட வந்துட்டா. செருப்புப் போட்டாலும் செருப்பு நனையும், சாக்கைக் கட்டிக்கிட்டு நடந்தாலும் சாக்கு நனையும். போகப் போக விசயம் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. மனசுல பாரம் இருக்கிறவங்களுக்குக் கால் நனையும், வாயத் தொறந்து சொன்னா காயும், சொல்லாதவங்க தடம் எந்த வெயிலுக்கும் காயாது, அம்புட்டுதான். ஊரு அதை அம்மை வார்த்திருக்குன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொல்லப் பழகிக்கிருச்சு.

ஆனா பொறுக்க முடிஞ்சதா, அதான் இல்லை. காலாகாலமா மூடி வச்சிருந்ததை ரோடு காட்டிக் குடுத்தா யாருக்குப் பொறுக்கும்? எவன் வீட்ல இருந்து தடம், எத்தனை பேரு தடம், சின்னதா பெருசா, ஆம்பளையா பொம்பளையான்னு டீக்கடையில உக்காந்து கணக்குப் பாத்தாங்க. பொண்ணு பாக்க வந்த ஒரு வீட்டார் வாசப்படியில ஈரத்தைப் பாத்துட்டு, காப்பியக்கூடக் குடிக்காமத் திரும்பிப் போனாங்க. அன்னைக்குச் சாயங்காலமே பொம்பளைக கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தாங்க. விடிஞ்சா வாசத் தெளிக்கிறது எல்லா ஊர்லயும் உள்ளதுதான், அவங்கவங்க வாசலோட நிக்கும். நாம வாசலோட நிக்கவேண்டாம், ரோடு பூராம் தெளிப்போம், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல ஒரு சாண்கூடக் காய விடாமத் தெளிப்போம், எல்லாம் ஈரமா இருந்தா எவ தடம்னு எவனுக்குத் தெரியும்?

அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. காலையில ஒருக்க, உச்சியில ஒருக்க, பொழுது சாயறப்ப ஒருக்க, வீட்டுக்கு வீடு குடமும் வாளியுமா எறங்கிருவாங்க. சொம்பு எடுத்துத் தண்ணி குடிக்கப் பொண்டாட்டியக் கூப்பிடுற ஆம்பளைகூட வாளியத் தூக்கினான். லாரித் தண்ணி வாங்கினாங்க, குளிக்கிறதைக் குறைச்சாங்க, மாட்டுக்கு வைக்கிறதைக் குறைச்சாங்க, ரோட்டுக்கு மட்டும் குறைக்கலை. வெளியூர்க்காரன் வந்தா, “என்ன இந்தக் காட்டுல இம்புட்டுச் செழிப்பு”ன்னு மலைச்சுப் போவான். ஊரே நிம்மதியா மூச்சு விட்டது. என் மிஷினுக்கு அரைக்க வர்ற பைகளும் கொறைஞ்சு போச்சு.

ஜெசிந்தா மட்டும் வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கடையில வந்து நின்னுக்கிட்டு, “யாரும் வரமாட்டேங்கிறாங்களேக்கா”ன்னா.

“கால்தான் யாருக்கும் நனையலையே தாயி.”

“நனையாமலா இருக்கு? ரோடும் சேந்து நனைஞ்சிருக்கு, அம்புட்டுதான்.”

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு, படிச்ச பிள்ளைக இப்படித்தான் எதையாவது நறுக்குன்னு சொல்லிருதுக.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில, தெளிச்ச ரோடு பளபளன்னு கிடக்கையில, செண்பகவல்லி என் கடைக்கு வந்தா. குருவையா பொண்டாட்டி. குருவையாவைச் சொல்லணும்னா, ஊர்ல நாலு பேரு பொறாமைப்படுற மனுசன். குடி கிடையாது, மிளகாத் தோட்டம் நல்ல வெள்ளாமை, பிள்ளைக ரெண்டும் படிப்புல கெட்டி, பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை அதிர்ந்து பேசமாட்டான், எந்தக் கல்யாண வீட்லயும் பந்தி பரிமாற மொத ஆளா நிப்பான். அவ வந்து நின்ன நிலையப் பாத்ததும் நான் மிஷினை நிறுத்திட்டேன். தலை வாரலை, முந்தானை ஒரு பக்கம் தரையில கிடக்கு.

“அக்கா, அவுகளைக் காணோம். வெள்ளென எந்திரிச்சுப் போயிருக்காக. செருப்பு வாசல்ல கிடக்கு. போனு டிவி மேல இருக்கு. தூங்கிட்டிருந்த பெரியவளை எழுப்பி, ‘தம்பியப் பாத்துக்கோ, அம்மா சொல்றதக் கேளு’ன்னு சொல்லிட்டுப் போயிருக்காக.”

அதுக்கு மேல அவ சொல்லவேண்டிய அவசியமில்லை. இளவட்டங்க பைக்கை எடுத்துக்கிட்டு நாலா பக்கமும் பறந்தாங்க, ஒருத்தன் தண்டவாளத்துப் பக்கம், ஒருத்தன் கண்மாய்ப் பக்கம், ஒருத்தன் தோட்டத்துக் கெணறு கெணறா. கரிசக்காட்டுல ஆளைத் தேடுறது லேசா? எந்தத் திசையில பாத்தாலும் வானம் வந்து தொடுற வரைக்கும் பொட்டல், நடுவுல கருவேலங்காடு. ஒவ்வொருத்தனா வெறுங்கையோட திரும்பி வர்றான், வெயில் ஏறிக்கிட்டே இருக்கு. செண்பகவல்லி ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னா. அவ புருசன் கால் நனைஞ்சிருக்கும், கண்டிப்பா நனைஞ்சிருக்கும், தடம் போயிருக்கும், ஆனா எங்கன்னு தேட? ரோடு பூராம் எங்க கையால ஊத்தின தண்ணி.

அவ சத்தம் போடலை. “ரோட்டைக் காய விடுங்க”ன்னு மட்டும் சொன்னா.

உச்சித் தெளிப்புக்குக் குடத்தோட வந்தவங்க அப்படியே நின்னாங்க. காஞ்சா குருவையா தடம் மட்டுமா தெரியும்? எம்புட்டு நாளா மூடி வச்சது அம்புட்டும் தெரியும். அதுலயும் சீனித்தாய் மகளுக்கு அன்னைக்குப் பாத்து நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துக்கிட்டே இருக்கு, வாசல்ல வாழைமரம் கட்டியாச்சு. சீனித்தாய் யார் முகத்தையும் பாக்காம குடத்தைச் சாச்சு ஊத்தினா. தண்ணி செண்பகவல்லி காலை நனைச்சுக்கிட்டு ஓடுச்சு.

“மதினி,”ன்னா செண்பகவல்லி, “தடம் தெரிஞ்சா உங்க வீட்டுக் கல்யாணம் நின்னு போகும், எனக்குத் தெரியும். வேற மாப்பிள்ளை பாக்கலாம். எனக்கு வேற…”

சீனித்தாய் அடுத்த குடத்தைக் கையில எடுத்தா. இடுப்புல வச்சா. வச்சுக்கிட்டே நின்னா. அவ நிக்கிறதைப் பாத்துக்கிட்டு ஊரு நின்னுச்சு. பாவிமக ஊத்திருவாளோன்னு நினைச்சேன். அப்புறம் குடத்தைக் கொண்டுபோயி திரும்ப வீட்டுக்குள்ள வச்சுட்டு வந்து வாசப்படியில உக்காந்துட்டா. மத்தவங்களும் ஒவ்வொருத்தராக் குடத்தை எறக்கினாங்க.

கத்திரி வெயிலுக்கு ரோடு காய எம்புட்டு நேரம் ஆகும்? ஓரத்துல இருந்து வெளுத்துக்கிட்டே வந்துச்சு, நாங்க ஊத்தின தண்ணி ஆவியாப் போகப் போக அடியில கிடந்தது மேல வந்துச்சு, தடம், தடம், தடத்து மேல தடம். விடுபட்ட வீடு ஒண்ணு இல்லை. பூசாரி வீட்ல இருந்து தடம், தலைவர் வீட்ல இருந்து தடம், டீக்கடையில உக்காந்து கணக்குப் பாத்தவங்க பெஞ்சுக்கு அடியில தடம், என் மிஷின் கடைப் படியில என் தடம். ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பாக்கலை. செண்பகவல்லி குனிஞ்சு குனிஞ்சு பாத்தா, ஓடிப் போயி ஒண்ணு மேல கை வச்சா, இல்லைன்னு அடுத்ததுக்குப் போனா, அம்புட்டுத் தடத்துல அவ எதைன்னு கண்டுபிடிப்பா? நடு ரோட்டுல உக்காந்துட்டா.

ஜெசிந்தா கதவைத் தொறந்து போட்டுட்டு வெளிய வந்து நின்னுச்சு. பூசாரி அதுகிட்ட, “நீதான் எல்லாரையும் சொல்லச் சொல்லேன் தாயி, சொன்னா காஞ்சிரும்ல”ன்னாரு.

“நான் யாரையும் சொல்லுன்னு சொல்லமாட்டேன் அய்யா. அது அவங்கவங்க விருப்பம். நான் கேக்கத்தான் வந்திருக்கேன்.”

அந்த நேரம் பாத்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்னுச்சு. சீனித்தாய் வாசப்படியில இருந்து எந்திரிச்சு, வேனைப் பாக்காம, அவ வீட்டு வாசல்ல கிடந்த ஈரத்துல ரெண்டு காலையும் வச்சு நின்னா.

“இது என் மக தடம் இல்லை, என் தடம். நல்லாக் கேட்டுக்கோங்க. அவ கட்டிக்கிட்டுப் போயிட்டா இந்த வீட்ல நானும் இந்த மனுசனும் மட்டும்தான். அடிக்கிற இவர் கைக்கும் எனக்கும் நடுவுல நிக்க ஆளு கிடையாது. எனக்குப் பயமா இருக்கு. அதான் என் பாரம்.”

அவ புருசன் பக்கத்துலதான் நின்னான். அவன் தலை தொங்கிப் போச்சு. சீனித்தாய் காலடியில இருந்து ஈரம் சுருங்கி, அவ வீட்டுப் படியில, சந்துல, தண்ணித் தொட்டிப் பக்கத்துலன்னு அவ நடந்த எடமெல்லாம் வெளுத்துக்கிட்டே போச்சு. வேனை விட்டு எறங்குன மாப்பிள்ளையோட அம்மா ஒரு எட்டு வச்சவ, தன் கால் பட்ட எடத்துலயும் ஈரத்தைப் பாத்துட்டு அங்கயே நின்னுட்டா.

அடுத்து பூசாரி அவர் தடத்துல ஏறி நின்னு, பல வருசமா சாமி தன் மேல வரலைன்னும், கோயில் கொடைக்குக் கொடை வந்த மாதிரி ஆடுறேன்னும் சொன்னாரு. அப்புறம் நான். எனக்கு வீட்ல பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, மிஷின் நின்னா அந்த அமைதி என்னைக் கொல்லுது, அதனால தானியம் இல்லாதப்பவும் வெறும் மிஷினை ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்னு சொன்னேன், சொல்லி முடிச்சதும் உள்ளங்கால் சூடு தெரிஞ்சது. மத்தவங்க சொன்னதை இங்க சொல்லமாட்டேன், சீனித்தாயும் பூசாரியும் சொல்லிக்கோன்னாங்க, அதனால சொன்னேன், மத்தது என்னோட இருக்கட்டும். ஒருத்தர் சொன்னா அடுத்தவங்க, ஆம்பளை பொம்பளை பாகுபாடில்லாம, சில பேரு பக்கத்துல நின்னவங்க காதுல மட்டும், சில பேரு வெயிலைப் பாத்து, சில பேரு சொல்ல வராம வெறுமன அழுது, ரோடு ஒவ்வொரு கோடாக் காஞ்சுக்கிட்டே வந்து, கடைசியில ஒரே ஒரு ஆளு தடம் மிஞ்சிச்சு.

குருவையா வீட்டு வாசல்ல இருந்து பால் சொசைட்டிக் கதவுக்கு. ஒரு தடவை இல்லை, போயிப் போயித் திரும்பின தடம், ஒண்ணு மேல ஒண்ணா அப்பிக் கிடக்கு. கதவுக்கு நேரா வந்து விரல் உள்பக்கம் பாத்தபடி நின்ன எடத்துல தண்ணி குட்டையாவே தேங்கியிருக்கு. நிலைப்படிக்கு உள்ள ஒரு தடம்கூட இல்லை. ஜெசிந்தா அதைப் பாத்துட்டு வாயப் பொத்திக்கிருச்சு. கடைசித் தடம் அங்க இருந்து திரும்பி, என் கடைக்குப் பின்னால மேற்க போச்சு, கல்லுக்குழிப் பக்கம்.

கல்லுக்குழின்னா கல்லு வெட்டி வெட்டிக் கைவிட்ட பள்ளம், அடியில பச்சையாத் தண்ணி கிடக்கும். ஊரே பின்னால கிளம்புச்சு. ஜெசிந்தா திரும்பி, கூட்டமா வந்தா அவருக்கு மெரட்சியாயிரும், நில்லுங்கன்னுச்சு, நின்னாங்க. செண்பகவல்லியும் ஜெசிந்தாவும் நானும் மட்டும் போனோம். மண்ணுல ஒவ்வொரு தடமும் கொழகொழன்னு இருந்துச்சு, போகப் போக ஈரம் புதுசா இருந்துச்சு. செண்பகவல்லி ஓடலை. ஓடினா எதையாவது பாக்கவேண்டி வந்துரும்னு பயந்தவ மாதிரி ஒவ்வொரு எட்டா வச்சு நடந்தா. எனக்குத் தெரிஞ்ச சாமி பேரையெல்லாம் நான் சொல்லிக்கிட்டே போனேன்.

குழி விளிம்புல உக்காந்திருந்தான். காலைத் தொங்கப் போட்டிருந்தான், ரெண்டு காலுல இருந்தும் தண்ணி சொட்டி அந்தப் பள்ளத்துக்குள்ள விழுந்துக்கிட்டு இருந்துச்சு.

செண்பகவல்லி அவன்கிட்டப் போகாம, கொஞ்சம் தள்ளி அதே விளிம்புல உக்காந்தா.

“மாமா.”

அவன் திரும்பலை. “பிள்ளைக சாப்பிட்டுச்சுகளா?”

“இன்னும் இல்லை.”

“போயிச் சோறு போடு.”

“போடலாம். நீங்க சொல்லுங்க, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை செம்பகம்.” அப்பத்தான் அவ பக்கம் திரும்பினான். “அதான் என்னால முடியலை. ஒண்ணுமே ஆகலை. நீ நல்லா இருக்க, பிள்ளைக நல்லா இருக்கு, வெள்ளாமை நல்லா இருக்கு. எனக்குத்தான் உள்ள எதுவுமே இல்லை. சோறு மண்ணாட்டம் இருக்கு. காலையில கண்ணு முழிச்சதும் ஏண்டா முழிச்சோம்னு இருக்கு. அங்க பிள்ளை செத்தவ போறா, அடி வாங்குனவ போறா. நான் போயி அந்த நாற்காலியில உக்காந்து என்னத்தச் சொல்ல? கதவு வரைக்கும் போனா, சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லையேன்னு வெக்கமா இருக்கு.”

ஜெசிந்தா அங்கயே தரையில உக்காந்துச்சு. “அண்ணாச்சி, இப்பச் சொன்னீங்களே, அதுக்குத்தான் அந்த நாற்காலி. காரணம் வேண்டாம்.” அப்புறம் சுத்தி வளைக்காம நேராக் கேட்டுச்சு. “சாகணும்னு தோணுதா?”

நான் ‘அதப் போயிக் கேக்கலாமா’ன்னு பதறிட்டேன். அவன் பதறலை. யாராவது கேக்கமாட்டாங்களான்னு இருந்தவன் மாதிரி, “தோணுது தாயி”ன்னான்.

செண்பகவல்லி கையைத் தரையில ஊணிக்கிட்டா. “இப்பவுமா மாமா?”

அவன் ரொம்ப நேரம் யோசிச்சான். பொய் சொல்லக்கூடாதுன்னு யோசிச்ச மாதிரி இருந்துச்சு.

“இப்ப கொஞ்சம் கம்மி.”

“அப்ப அது கூடுறதுக்குள்ள எந்திரிச்சு வாங்க”ன்னு கையை நீட்டினா.

அவன் அந்தக் கையைப் பாத்தான், கீழ பள்ளத்தைப் பாத்தான், திரும்பக் கையைப் பாத்தான். பிடிச்சு எந்திரிச்சான். மூணு பேரும் அவனை நடுவுல விட்டுக்கிட்டு ஊருக்குள்ள வந்தோம். ரோட்டு ரெண்டு பக்கமும் சனம் நின்னுச்சு, யாரும் எதுவும் கேக்கலை, யாரும் தண்ணி ஊத்தலை, அவன் சொட்டச் சொட்ட நடந்து நேரா சொசைட்டிக் கதவு வரைக்கும் போயி, வழக்கமா நிக்கிற எடத்துல நின்னு, அப்புறம் உள்ள போனான். நான் போயி மிஷினை ஓட விட்டேன்.

சொன்னா காயும்னு சொன்னேன்ல, அது எங்களுக்கெல்லாம் சரி. குருவையாவுக்குக் காயலை. அன்னைக்கு அம்புட்டு நேரம் பேசிட்டு வெளிய வந்தவன் காலு அதே ஈரம். ஊருக்கு அது பெரிய ஏமாத்தம், இன்னும் எதையோ மறைக்கிறான்னுகூட ரெண்டு பேரு பேசினாங்க, சீனித்தாய் போட்ட போடுல வாய மூடினாங்க. செவ்வாயும் வெள்ளியும் பகல் வெளிச்சத்துல, கையில பை எதுவும் இல்லாம, நடு ரோட்டுலயே நடந்து போறான். மாசத்துக்கு ஒருக்க ஜெசிந்தா டவுன் ஆசுபத்திரிக்கு டாக்டர்கிட்டக் கூட்டிப் போகுது, மாத்திரை சாப்பிடுறான். சில நாளு லேசா ஈரம், சில நாளு சொட்டுது, சில நாளு அவன் வாசல்ல நின்னுட்டு எங்க போறதுன்னு தெரியாத மாதிரி பாத்துக்கிட்டு இருப்பான், அப்ப யாராவது ஒருத்தர் போயிப் பேச்சுக் குடுத்துக்கிட்டு நிக்கிறோம்.

போன வாரம் அவங்க வீட்டுக்கு மாவு குடுக்கப் போயிருந்தேன். செண்பகவல்லி வீடு கூட்டிக்கிட்டு இருந்தா. அடுப்படியில இருந்து வாசல் வரைக்கும் அவன் ஈரத்தடம், அதை மிதிக்காமத் தாண்டித் தாண்டிக் கூட்டிக்கிட்டு வந்தா. எனக்கு மனசு கேக்காம, “இம்புட்டு நாளாச்சு, இன்னும் காயலையே தாயி”ன்னேன்.

அவ வெளக்கமாத்தை நிறுத்தலை.

“காயாட்டிப் போகுதுக்கா. காலையில கண்ணு முழிச்சதும் மொதல்ல தரையத்தான் பாக்குறேன். ஈரமா இருந்தா, எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருக்காகன்னு அர்த்தம்.”